தீபாவளிக்கு எடுத்த மூக்குக்கண்ணாடி

கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டே வீடு முழுக்கக் கண்ணாடியைத் தேடுகிற வயது நமக்கெல்லாம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள், நேற்றுகூட நான் தேடினேன். பேத்திதான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அதே பேத்தி மாலையில் என்னை ஒரு பெரிய கடைக்குக் கூட்டிப் போனாள். திரும்பி வரும்போது கை நிறையப் பைகள். என்ன வாங்கப் போனோம் என்று கேட்டேன். அவளுக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. ஒரு அட்டையை நீட்டினாள், கையெழுத்துப் போட்டாள், கதை முடிந்தது. எங்கள் அப்பா இருந்திருந்தால் கடை வாசலிலேயே எங்கள் இரண்டு பேரையும் பிடித்து நிறுத்தியிருப்பார்.

அப்பாவுக்கு ரயில்வேயில் கைகாட்டி இழுக்கிற வேலை. மலாய் நாட்டுக்குள் ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முந்திய காலம். பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்களுக்கு ஒரு வீடு. அம்மா வெள்ளைத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போவாள். அடுத்த வண்டி போனதும் துணியெல்லாம் கரிப்பொட்டு. எஞ்சினைத் திட்டிக்கொண்டே மறுபடி அலசுவாள். நிலக்கரிப் புகையும், மழையில் நனைந்த தண்டவாளக் கட்டைகளின் வாடையும், பக்கத்து வீட்டில் கருவாடு வறுக்கும் வாசமும் சேர்ந்து வரும் அந்தக் காற்றில் வளர்ந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குக் காசு சேர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மூங்கில் குழாயில் கீறல் போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் கிடையாது. அப்பாவின் கட்சியே வேறு.

"சம்பாதிக்க வெள்ளைக்காரன் கத்துக் குடுக்கிறான். சேர்த்து வைக்க உங்கம்மா கத்துக் குடுக்கிறா. செலவு பண்ண யாரு கத்துக் குடுக்கிறது?" என்பார்.

அவருக்கு இப்படி ஒரு ஞானம் வந்ததற்குக் காரணம் ஒரு கைக்கடிகாரம். கப்பலில் வந்து இறங்கிய புதிதில், முதல் சம்பளத்தை அப்படியே கொடுத்து ஒரு தெரு வியாபாரியிடம் வாங்கினாராம். மறுநாளே நின்றுவிட்டது. அதைத் தூக்கி எறியாமல் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சுவரில் எப்போதும் மணி நாலேகால்தான். எங்களில் யாராவது கண்டதற்கு ஆசைப்பட்டால் அந்த ஆணியைப் பார்ப்பார். நாங்கள் வாயை மூடிக்கொள்வோம்.

சம்பளம் வந்த மறுநாள் எங்கள் மூன்று பேரையும் பாசார் தெருவுக்குக் கூட்டிப் போவார். அக்காவுக்குப் பதினைந்து வயது. எனக்கு ஒன்பது. தம்பி என்னைவிடச் சின்னவன். அப்பாவின் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: கடைக்குள்ளே போவதற்கு முன் வெளியே நின்று பார்க்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்று, கடையில் என்ன இருக்கிறது, விலைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது, யார் என்ன வாங்குகிறார்கள் என்று பார்த்து, என்ன வாங்குவது என்று அங்கேயே தீர்மானிக்க வேண்டும். "உள்ள கால் வச்சிட்டா அப்புறம் தீர்மானிக்கிறது நீ இல்ல, கடைக்காரன்" என்பார்.

அக்கா அதில் கெட்டிக்காரி. அவள் கையில் வீட்டுச் செலவையே கொடுத்துவிட்டார் அப்பா. தம்பிக்கும் அஞ்சு காசு கொடுத்துப் பழக்கினார். அவன் எப்போதும் ஒரே பலகாரத்தைத்தான் வாங்கினான், ஆனாலும் வெளியே நின்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வாங்கினான். எனக்கு மட்டும் ஒரு காசுகூடக் கிடையாது.

ஏனென்றால் நான் மக்கு. இதை நான் சொல்லவில்லை, ஊரே சொன்னது. பள்ளிக்கூடத்தில் பலகையில் எழுதிய கணக்கைத் தப்பாகப் பார்த்து எழுதுவேன். தெருவில் எதிரே வரும் பெரியவர்களுக்கு வணக்கம் வைக்க மாட்டேன். ஒரு தடவை பாசாரில் யாரோ ஒரு மலாய்க்கார அம்மாளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் போய்விட்டேன். அப்பா என்னைக் கடைக்கு எதிரே நிறுத்தி, "என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்டார். அரிசி, சோப்பு, கொய்யாப்பழம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது இரும்புக் கடை. அப்பா பெருமூச்சு விட்டார். அன்றோடு என் படிப்பு முடிந்தது, அதாவது செலவுப் படிப்பு.

எனக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. உலகம் எல்லாருக்கும் இப்படித்தான் நீர் ஊற்றிய சாயமாகத் தெரியும், மற்றவர்கள் சாமர்த்தியமாக ஊகித்துவிடுகிறார்கள், எனக்குத்தான் ஊகிக்கத் தெரியவில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் மூக்கும் காதும் கையும் எனக்கு அபாரம். மீன் பழசா புதுசா என்று கூடைப் பக்கம் போகாமலே சொல்வேன். மாம்பழத்தைத் தொட்டே புளிப்பைச் சொல்வேன். அக்கா அதனால்தான் என்னை எப்போதும் பாசாருக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கிள்ளான் அத்தை எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வருவார். அப்பாவின் கூடப் பிறந்த தங்கை. கிள்ளானிலிருந்து காலை வண்டியில் வந்து இறங்குவார், சாயங்கால வண்டியில் திரும்புவார். அவருடைய மகன் அடுத்த வருஷம் ரயில்வேயில் சேரப் போகிறான். அக்காவுக்கு முறை மாப்பிள்ளை. அத்தை வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு அரிசிப் பானையைத் திறந்து பார்ப்பார், எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிப் பார்ப்பார். மாதக் கடைசியிலும் எதுவும் காலியாகாமல் இருக்கும்.

"அண்ணே, இந்த வயசுல இப்படிப் பார்த்துச் செலவு பண்ற பொண்ணு எங்க கிடைக்கும்? பள்ளிக்கூடம் போனது போதும். தை மாசம் வச்சுக்குவோம்" என்பார்.

அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிடும். தான் கற்றுக்கொடுத்த பாடத்துக்குக் கிடைத்த பாராட்டாயிற்றே. அக்கா அடுப்படியில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அவள் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு வருஷம் படித்தால் பரீட்சை எழுதி டீச்சராகலாம் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. பாவம், அவள் எவ்வளவுக்கு எவ்வளவு பார்த்துச் செலவு செய்தாளோ அவ்வளவுக்குக் கிள்ளான் கிட்டே வந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு அக்கா படிக்க வேண்டும் என்று இருந்தது. ஆனால் நாத்தனார் பேச்சில் குறுக்கே பேச அம்மாவால் முடியாது.

அந்த மாதிரி ஒரு நாள் அத்தை காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். "கப்பல் வர்ற போர்ட் பக்கத்துல ஒரு பொண்ணு இருக்குன்னாங்க. நான் வேணாம்னுட்டேன். அவ சித்தப்பனுக்குக் கண்ணு மங்கலாம். என் புள்ளையும் ரயில்வே, நாளைக்கு என் பேரனும் ரயில்வே. கண்ணு சரியில்லாத வீட்டுல போய் பொண்ணு எடுப்பேனா?"

ரயில்வேக் குடும்பத்துக்கு இந்தப் பேச்சு நன்றாகப் புரியும். வருஷத்துக்கு ஒரு தடவை அப்பா ரயில்வே டாக்டர் முன்னால் போய் உட்கார வேண்டும். பல நிற நூல் கண்டுகளைக் குவித்து வைத்து, பச்சையைப் பொறுக்கு, சிவப்பைப் பொறுக்கு என்பார்கள். தூரத்தில் புள்ளி வைத்த அட்டையைக் காட்டி எண்ணச் சொல்வார்கள். தவறினால் கைகாட்டி வேலை போய்விடும். அடுத்த வரிசை வீட்டு மாமா ஒருவர் அப்படித் தவறி, பிளாட்பாரம் கூட்டுகிற வேலைக்கு இறங்கினார். அதனால் எங்கள் குவாட்டர்ஸில் மூக்குக்கண்ணாடி என்ற வார்த்தையையே யாரும் வீட்டுக்குள் சொல்ல மாட்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், அக்காவும் நானும் பாசாரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தண்டவாளத்தைக் கடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். கைகாட்டி நீட்டியபடி நின்றால் கடக்கலாம், தாழ்ந்திருந்தால் வண்டி வருகிறது என்று அர்த்தம். இது அங்கே நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். அக்கா தலையில் கூடை, கையில் தாள் குடை. முன்னால் போன என்னிடம், "போகலாமா, பாரு" என்றாள்.

"போகலாம்" என்று சொல்லிக் காலை எடுத்து வைத்தேன்.

அக்கா என் பின்னலைப் பிடித்து இழுத்த இழுப்பில் நான் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். வண்டி கூவிக்கொண்டு எங்கள் முன்னால் போனது. நீராவியும் மழையும் முகத்தில் அடித்தன. கத்தரிக்காயெல்லாம் சரளைக்கல்லில் உருண்டு ஓடியது. எனக்கு அறை விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அறை விழவில்லை.

"கை தாழ்ந்துல்ல இருக்கு! உனக்குத் தெரியலையா?"

"எந்தக் கை?" என்று கேட்டேன்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அப்ப இத்தனை நாளா எப்படிடி கடந்து போன?"

நான் சொன்னேன். அப்பா கேபினில் இழுத்தால் தண்டவாளம் ஓரமாகப் போகும் கம்பி கிரீச்சென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டால் நிற்பேன். இன்றைக்கு மழை இரைச்சலில் கேட்கவில்லை. கை, கை என்று எல்லாரும் சொல்வது அந்தச் சத்தத்துக்குப் பெயர் என்று நினைத்திருந்தேன். அக்கா அந்த மழையில் நின்று அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சரி, நாமும் அழுவோம் என்று நானும் அழுதேன்.

வீட்டில் அவள் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அடுத்த வாரம் அப்பா தீபாவளித் துணிக்கான பணத்தை அக்கா கையில் கொடுத்தார். "இந்த வருஷம் நீயே எடுத்துட்டு வா. யாருக்கு என்ன வேணும்னு நீயே தீர்மானி" என்றார். தம்பியை விட்டுவிட்டு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனாள். அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்கு வேட்டி, தம்பிக்குச் சட்டை எடுத்தாள். பிறகு எதிர்ப்பக்கம் போய், ஒரு சீனர் கடையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். அப்பாவின் சட்டப்படிதான் நின்றாள். பிறகுதான் உள்ளே போனோம்.

தவுக்கே, அதாவது கடை முதலாளி, ஒரு கிழவர். என் கண்ணுக்கு முன்னால் ஒரு கனத்த இரும்புச் சட்டத்தை மாட்டி, வட்டக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டார். ஐந்தாவதோ ஆறாவதோ போட்டபோது நான் கத்திவிட்டேன். எதிர்க் கூரைத் தகரத்தில் ஆணிகள் இருந்தன! மரத்தில் பச்சையாக ஒரு மொத்தை மட்டுமல்ல, இலை இலையாக இருந்தது! திரும்பிப் பார்த்தால் கடை வாசலில் அக்கா. அவள் மூக்கோரத்தில் ஒரு பரு. அக்காவின் முகத்தைத் தூரத்திலிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

"குராங் சிக்கிட், தவுக்கே" என்று அக்கா விலை குறைக்கச் சொன்னாள்.

"சூடா மூரா லா" என்றார் அவர். ஏற்கெனவே மலிவுதானாம். அக்கா விடவில்லை. வெளியே போவதுபோல் போய், திரும்பி வந்து, கடைசியில் அவளுக்கும் எனக்கும் பாவாடை சட்டைக்கு வைத்திருந்த பணம் முழுவதும் அங்கே போய்ச் சேர்ந்தது.

சில நாள் கழித்துக் கண்ணாடி தயாராகி வந்தது. மெல்லிய கம்பி, வட்டமான வில்லைகள். உடனே போட்டுக்கொள்ளத் துடித்தேன். அக்கா அதைத் தன் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

"புதுசு எதையும் தீபாவளி அன்னைக்குத்தான் போடணும்" என்றாள்.

அழுதேன், காலைப் பிடித்தேன், சாப்பிட மாட்டேன் என்றேன். அவள் மசியவில்லை. அவ்வளவு கல்நெஞ்சம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தீபாவளி விடிந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். புதுத் துணி ஓரத்தில் அம்மா மஞ்சள் தடவிக் கொடுத்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் எங்கடி?" என்று கேட்டதற்கு, "இருக்கும்மா, அப்புறம் காட்டுறேன்" என்று அக்கா மழுப்பினாள். அத்தை வீட்டார் வருகிற நேரத்துக்குப் பெட்டியைத் திறந்து, கண்ணாடிக் கம்பியில் மஞ்சள் தொட்டு வைத்து, என் காதில் மாட்டிவிட்டாள். போன வருஷத்துப் பாவாடையும் புதுக் கண்ணாடியுமாக நான் முன்னறைக்குப் போனேன்.

அத்தை அப்போதுதான் தட்டில் பழமும் வெற்றிலையும் வைத்து, அக்காவுக்கென்று கொண்டுவந்த அரக்குச் சேலையை அதன்மேல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"அய்யய்யோ! என்னண்ணே இது? சின்னவளுக்குக் கண்ணு போச்சா?"

அப்பாவும் என்னை அப்போதுதான் பார்க்கிறார்.

"அத்தை, உங்க தோட்டுல ஒரு கல்லு விழுந்திருக்கு" என்றேன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

அத்தை காதைத் தடவிப் பார்த்தார். கல் இல்லைதான். ஆனால் அந்த வருத்தம்கூட அவரைத் தடுக்கவில்லை. "இது ரத்தத்துல வர்றதாச்சே! அண்ணே, உங்களுக்குக் கண்ணு சரியாத்தானே இருக்கு? நாளைக்கு என் பேரப் புள்ளைங்க எப்படி ரயில்வேயில சேரும்?" என்று புலம்பிக்கொண்டே சேலையை மடித்துப் பையில் வைத்தார். சாயங்காலம் வரை இருப்பவர் மத்தியான வண்டிக்கே கிளம்பினார். அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். மிச்சத்தை நான் குடித்தேன். பாயசம்போல் தித்தித்தது. அம்மா வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சர்க்கரையை அள்ளிப் போட்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு அப்பா அக்காவைக் கூப்பிட்டார். "துணிக்குக் குடுத்த பணத்துல இதையா வாங்குன? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அக்கா தலை நிமிர்ந்து பதில் சொன்னாள். "வெளிய நின்னு பார்த்துத் தீர்மானிக்கணும்னு நீங்கதானப்பா சொன்னீங்க? இவ எத்தனை வருஷம் நின்னாலும் இவளால பார்க்கவே முடியாதுப்பா." பிறகு, மழையில் தண்டவாளத்தில் நடந்ததைச் சொன்னாள்.

அப்பா எழுந்தார். என் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். "கைகாட்டி எப்படி இருக்கு?"

"நீட்டிக்கிட்டு இருக்குப்பா. நுனியில ஒரு காக்கா. அது வாயில என்னமோ வச்சிருக்கு."

அப்பா என்னை இறுக்கி அணைத்துக்கொண்டார். அவர் வேட்டியின் புதுக்கஞ்சி வாசம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அத்தோடு முடியவில்லை. அத்தை சும்மா இருப்பாரா? ரயிலேறும் முன்பே பிளாட்பாரத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். கைகாட்டிக்காரர் குடும்பத்துக்கே கண் சரியில்லை என்ற பேச்சு மேலே வரை போய், அப்பாவை முறைக்கு முன்பே டாக்டரிடம் வரச் சொல்லிவிட்டார்கள். அவர் டாக்டரிடம் போன அன்றைக்கு அம்மா அடுப்பே பற்ற வைக்கவில்லை. அக்கா வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். தன்னால் அப்பா வேலை போய்விடுமோ என்று பயந்து அவள் உதடெல்லாம் வெளுத்திருந்தது. நான் கண்ணாடியைக் கழற்றி ஒளித்து வைத்தேன். பிறகு, அப்பா வருவது தெரிய வேண்டுமே என்று மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டேன்.

தெருமுனையில் அவரை முதலில் பார்த்தது நான்தான். கையில் ஒரு பொட்டலம் ஆடிக்கொண்டு வந்தது. "அப்பா சிரிக்கிறாரு!" என்று கத்தினேன். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொட்டலத்தில் அல்வா. எந்தக் கடைக்கு எதிரிலும் நிற்காமல் நேரே நுழைந்து வாங்கினாராம். "இன்னைக்கு ஒருநாள் கடைக்காரன் தீர்மானிக்கட்டும்" என்றார். அக்கா சிரித்தாள், சிரித்துக்கொண்டே விம்மினாள். தை மாசம் கல்யாணத்துக்குப் பதிலாகப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினார் அப்பா.

அடுத்த சம்பளத்துக்கு மறுநாள் எனக்கும் அஞ்சு காசு கிடைத்தது. கடைகளுக்கு எதிரே நின்று நின்று பார்த்தேன். பலகையில் விலையெல்லாம் படித்தேன். படி அளக்கும்போது கட்டை விரலை உள்ளே விடுகிற கடைக்காரரைக்கூடக் கண்டுபிடித்தேன். இருட்டும் நேரத்துக்குக் காசோடு வீட்டுக்கு வந்தேன். "ஒண்ணும் வாங்கலையா?" என்று அப்பா கேட்டார். "பார்த்து முடிக்கவே நேரம் இல்லப்பா" என்றேன்.

அந்தக் கண்ணாடி இப்போது இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் இடம் மாறி மாறி ஓடியதில் எங்கோ விழுந்துவிட்டது. ஆணியில் தொங்கிய கடிகாரமும் போயிற்று. அத்தை மகனுக்கு நல்ல இடத்தில் பெண் அமைந்தது. இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள். நாற்பது வயதில் அவருக்கும் தடிமனான கண்ணாடி வந்தது. அக்கா கடைசியில் கிள்ளானுக்குத்தான் போனாள், பள்ளிக்கூட டீச்சராக.

போன தீபாவளிக்கு அவளைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுக்கும் கண்ணில் ஆபரேஷன் ஆகி, கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். முறுக்கைக் கடிக்கப் பல் இல்லாமல் காப்பியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தோம். எத்தனையோ வருஷமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. அந்தக் கண்ணாடியை எனக்காகத்தானே வாங்குன?"

"உனக்காகத்தான்டி வாங்குனேன்" என்றாள். முறுக்கை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள். "தீபாவளி வரைக்கும் அதைப் பூட்டி வச்சதுதான் எனக்காக."